முதலில் பெரிய குவியல்

வீட்டைப் பூட்டினால் பூட்டை மூன்று தடவை இழுத்துப் பார்க்கிற ஆள் நான். பஸ் ஸ்டாப் வரைக்கும் போய்விட்டு, அடுப்பை அணைத்தேனா என்று திரும்பி வந்து பார்ப்பேன். இருபது வருஷமாக இதைச் சகித்துக்கொண்டிருக்கிற என் வீட்டுக்காரர், "உன்னைக் கட்டினதுக்கு ஒரு வாட்ச்மேனை வேலைக்கு வெச்சிருக்கலாம், அவனாவது நடுவுல கொஞ்சம் கண் அசருவான்" என்பார். சொல்லட்டும். அந்தப் பயத்துக்குத்தான் எனக்கு இன்றைக்குச் சம்பளம் தருகிறார்கள். மரக்காணத்தில் சர்வர் பார்க்கிறவள் நான். ஒன்பதாம் வகுப்பு அரைப் பரீட்சையோடு பள்ளிக்கூடம் முடிந்துபோனவள். இந்த வேலையை நன்றாகச் செய்கிறேன் என்று கூச்சமில்லாமல் சொல்வேன். தைரியசாலிகள் கையில் சர்வரைக் கொடுக்கக் கூடாது என்றும் சொல்வேன்.

எங்கள் ஆபீஸ் பெரிய இடமெல்லாம் இல்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து உப்பளத்துக்கு இறங்கும் மண் ரோட்டில் இரண்டு அறை. நிலத்தடித் தண்ணீரைக் கவனிக்கிற சின்ன அறக்கட்டளை அது. சுற்றுவட்டத்தில் பன்னிரண்டு கிணறுகளுக்குள் ஒவ்வொரு கருவி தொங்கவிட்டிருக்கிறோம். தண்ணீர் எத்தனை அடியில் இருக்கிறது, அதில் எவ்வளவு உப்பு என்று நிமிஷத்துக்கு ஒரு முறை அவை அனுப்பும். உள் அறையில் மேசைக்குக் கீழே இருக்கிற சர்வர் அதை வாங்கி எழுதிக்கொண்டே இருக்கும். சர்வர் என்றால் பயப்பட ஒன்றுமில்லை. அணைக்காமல் ஓடிக்கொண்டே இருக்கிற கம்ப்யூட்டர், அவ்வளவுதான். எங்களுடையதற்கு மவுஸ் கிடையாது, படம் கிடையாது. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து. ஒரு வரி தட்டினால் ஒரு வேலை செய்யும். தப்பாகத் தட்டினால் தப்பையும் செய்யும். நிஜமாகவா என்று திருப்பிக் கேட்காது.

அங்கே நான் பெருக்கித் துடைக்கத்தான் சேர்ந்தேன். அதற்கு முன்பு பதினோரு வருஷம் உப்பளத்தில் உப்பு வாரினேன். சர்வரை அப்போது பார்த்துக்கொண்டிருந்தவர் ஆரோவில்லிலிருந்து மொபெட்டில் வருகிற ஒரு வெளிநாட்டு அம்மா. ஒரு கோடையில் ஊருக்குப் போனார், திரும்பி வரவில்லை. ஆபீஸை நடத்துகிற சார் ரிட்டயர் ஆன இன்ஜினியர். குழாய், பம்பு என்றால் புலி. அந்தக் கறுப்புத் திரையைப் பார்த்தால் கையைப் பின்னால் கட்டிக்கொள்வார். சர்வர் பாட்டுக்கு அனாதையாக ஓடிக்கொண்டிருந்தது.

ஒரு நாள் கீபோர்டைத் துடைக்கும்போது மேல் அம்புக்குறியில் துணி பட்டுவிட்டது. திரையில் ஒரு வரி வந்து நின்றது. நான் எழுதாத வரி. இன்னொரு தடவை அழுத்தினேன், அதற்கு முந்தைய வரி வந்தது. அந்த அம்மா தட்டியதையெல்லாம் சர்வர் ஞாபகம் வைத்திருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. history என்று தட்டினால் மொத்தமும் வரும் என்பது பிறகு தெரிந்தது. சாரிடம் கேட்டுவிட்டு, தினமும் பெருக்கி முடித்த பிறகு ஒரு மணி நேரம் உட்கார்ந்து எல்லாவற்றையும் நோட்டில் எழுதினேன். அர்த்தம் தெரியாமல், கோலம் பார்த்துப் போடுகிற மாதிரி எழுதினேன். எது மறுபடி மறுபடி வருகிறதோ அதற்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வைத்தேன். அதிகப் புள்ளி வாங்கியவற்றை முதலில் படித்தேன். எந்தக் கட்டளைக்கும் முன்னால் man என்று போட்டால் அதைப் பற்றிய விளக்கம் வரும். இங்கிலீஷ் விளக்கம்தான். போனில் ஒவ்வொரு சொல்லாகத் தட்டிப் பார்த்து, ஒரு பக்கத்துக்கு ஒரு வாரம் ஆனது. ஆனால் அப்படிப் படித்தது இன்றைக்கும் மறக்கவில்லை.

அதிகப் புள்ளி வாங்கியது எது தெரியுமா? pwd. நீ இப்போது எந்த ஃபோல்டருக்குள் நிற்கிறாய் என்று சொல்லும். வேறு எதுவும் செய்யாது. அவ்வளவு கெட்டிக்கார அம்மா எதற்கு இதை இத்தனை தடவை தட்டினார் என்று நிறையப் பேர் யோசிப்பார்கள். நான் யோசிக்கவில்லை. உப்பளத்தில் வெயில் ஏறிய பிறகு எல்லாப் பாத்தியும் ஒரே வெள்ளையாகத் தெரியும். எந்த வரப்பில் நிற்கிறோம் என்று பார்க்காமல் மடையைத் திறந்துவிட்டால், பக்கத்துப் பாத்தியில் வாரத் தயாராக இருக்கிற உப்பின் மேல் புதுத் தண்ணீர் பாய்ந்து, பத்து நாள் வேலை அரை மணி நேரத்தில் கரைந்துவிடும். நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதனால் மடையில் கை வைக்கிறதுக்கு முன்னால் நிற்கிற இடத்தைப் பார். இது எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

மற்றவை நானாகச் சேர்த்துக்கொண்டவை. rm என்றால் அழிப்பது. குப்பைத் தொட்டியெல்லாம் கிடையாது, போனால் போனதுதான். அதனால் அழிக்க வேண்டிய பெயரை முதலில் ls என்று போட்டுப் பட்டியல் பார்ப்பேன். சரியாக இருந்தால் மேல் அம்புக்குறியை அழுத்தி, அதே வரியில் ls இருந்த இடத்தில் மட்டும் rm போடுவேன். புதிதாகத் தட்ட மாட்டேன், தட்டினால் விரல் தப்பு செய்யும். எந்த ஃபைலைத் திருத்தினாலும் அதற்கு முன்னால் ஒரு நகல், பெயரில் அன்றைய தேதியோடு. Enter அழுத்தும் முன்பு இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு வரியைக் கடைசியிலிருந்து முதலுக்குப் படிப்பேன். முதலிலிருந்து படித்தால் நாம் எழுத நினைத்ததுதான் கண்ணுக்குத் தெரியும், எழுதியது தெரியாது. வேலை முடிந்ததும் df -h போட்டு டிஸ்கில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று பார்ப்பேன். தேவை இருக்கிறதோ இல்லையோ, பார்ப்பேன். பூட்டை இழுத்துப் பார்க்கிற மாதிரிதான் அதுவும்.

இவ்வளவு செய்கிற நான்தான் ஒரு ஆவணி மாதத்துக் காலையில், மூன்று வருஷத்துக் கிணற்று ரீடிங் மொத்தத்தையும் ஒரே வரியில் அழித்தேன்.

அந்த ரீடிங் அன்றைக்கு யாருக்குத் தேவைப்பட்டது என்பதைச் சொல்ல வேண்டும். பிரம்மதேசம் பக்கம் நிலம் வைத்திருக்கிற ஒரு அக்கா. எங்களுடைய ஏழாம் நம்பர் கருவி அவர் கிணற்றில்தான் தொங்குகிறது. நாங்கள் கருவி போட்டபோது அந்தத் தண்ணீரில் சோறு வடிப்பார்கள். பக்கத்து நிலத்தில் ஒருவர் ஆழமாக ஒரு போர்வெல் போட்டு இரவு பகலாக உறிஞ்ச ஆரம்பித்த பிறகு, அக்கா கிணற்றில் உப்பு ஏறிக்கொண்டே வந்தது. இப்போது அந்த ஆள் இன்னும் இரண்டு போருக்கு அனுமதி கேட்டிருந்தார். அக்கா ஆட்சேபணை எழுதிக் கொடுத்தார். அன்றைக்கு மத்தியானம் மூன்று மணிக்கு விசாரணை. நாங்கள் கலர் கலராக வரைபடம் போட்டுத் தருகிறோம் என்றதற்கு, படம் யார் வேண்டுமானாலும் வரையலாம், தேதி வாரியாக நம்பர் கொண்டுவா என்று விசாரிக்கிற அதிகாரி முன்பே சொல்லிவிட்டாராம். அந்த நம்பர் எங்கள் சர்வரில் மட்டும்தான் இருந்தது. அது இல்லாமல் போனால் அக்காவிடம் இருப்பது வாய்ச்சொல்தான். இரண்டு போர் வந்துவிடும். அதற்குப் பிறகு அந்த நிலத்தில் நெல் கிடையாது.

முந்தின நாள் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. வரைபடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டாலும், ஒருவேளை கேட்டுவிட்டால் என்ன செய்வது என்று ரிப்போர்ட் போடுகிற புரோகிராமை ஓடவிட்டேன். சரியாக வந்ததா என்று சந்தேகம், மறுபடியும் ஓடவிட்டேன். சாயங்காலத்துக்குள் ஏழெட்டுத் தடவை ஓட்டியிருப்பேன். ஒவ்வொரு தடவையும் அது ஆயிரக்கணக்கில் குட்டிக் குட்டிப் படங்களை ஒரு மூலையில் போட்டுவிட்டுப் போகும் என்பது எனக்கு அப்போது தெரியாது.

காலையில் ஒன்பதே முக்காலுக்கு ஆபீஸ் திறந்தேன். கடல் பக்கம் கருமேகம் ஏறிக்கொண்டிருந்தது. உப்பளத்தில் ஆட்கள் ஓடுகிற சத்தம் கேட்டது. திரையைப் பார்த்தால், டிஸ்கில் இடமில்லை, எழுத முடியவில்லை என்று வரி வரியாக வந்துகொண்டிருந்தது. df போட்டேன். நூறு சதவீதம் நிறைந்திருந்தது.

உப்பளத்தில் மேகம் ஏறினால் ஒரு பழக்கம் உண்டு. வாரிய உப்பு வரப்பு நெடுகக் குவியல் குவியலாகக் கிடக்கும். எல்லாவற்றையும் காப்பாற்ற ஆள் போதாது. அதனால் யாரும் யாரையும் கேட்காமல் முதலில் பெரிய குவியலுக்குத்தான் ஓடுவார்கள். அதைச் சுமந்து மேட்டுக்குக் கொண்டுபோன பிறகுதான் சின்னது. நின்று யோசித்தால் மழை ஜெயித்துவிடும். பதினோரு வருஷம் அப்படி ஓடின கால் என்னுடையது. வெளியே மேகம், உள்ளே நிறைந்துபோன டிஸ்க். நானும் பெரிய குவியலைத் தேடினேன். இருக்கிற ஃபைல்களிலேயே பெரியது எது என்று வரிசைப்படுத்திப் பார்த்தேன். feed.log என்று ஒன்று தலையில் உட்கார்ந்திருந்தது. log என்று முடிந்தால் பழைய புலம்பல், மெஷின் தன் பாட்டுக்குப் பேசிக்கொண்டது, அழித்தால் பரவாயில்லை. நோட்டில் அந்த அம்மாவும் பல log ஃபைல்களை அழித்திருந்தார்.

pwd பார்த்தேன். ls பார்த்தேன். கையை மடியில் வைத்துக் கடைசியிலிருந்து படித்தேன். எல்லாம் சரி. Enter.

பிறகு தினமும் செய்கிற மாதிரி, ரீடிங் வருகிறதா என்று பார்க்க kinaru என்று தட்டினேன். அது அந்த அம்மா வைத்துவிட்டுப் போன குறுக்கு வழி. தட்டினால் கடைசிப் பத்து ரீடிங் வரும். அன்றைக்கு வந்த பதில்: feed.log என்று ஒரு ஃபைல் இல்லை.

இரண்டு வருஷமாகத் தினமும் அந்தக் குறுக்கு வழியில் போய் வந்தேனே தவிர, அது எந்த வீட்டுக்குப் போகிறது என்று ஒரு நாளும் கேட்டதில்லை. type kinaru என்று தட்டியிருந்தால் சொல்லியிருக்கும். எந்தக் குறுக்கு வழியையும் type போட்டு விசாரித்துவிட்டு நடங்கள். என் சோதனைகள் எல்லாம் என் கை சரியாக இருக்கிறதா என்றுதான் பார்த்தன. எதை அழிக்கிறேனோ அதை ஒரு தடவை திறந்து பார்க்கவில்லை.

பேக்கப் இருந்தது. பயந்தவளிடம் பேக்கப் இல்லாமல் இருக்குமா? ஒரு நாள் விடாமல் எடுக்கிறேன். ஓடிப்போய்ப் பார்த்தேன். அதில் feed.log மட்டும் இல்லை. இடத்தை மிச்சம் பிடிக்க, log என்று முடிவதையெல்லாம் விட்டுவிடு என்று பேக்கப்புக்கு எழுதி வைத்தவளும் நான்தான்.

சார் உள்ளே வந்தார். என் முகத்தைப் பார்த்து என்ன என்றார். சொல்லிவிட்டேன். மறைத்து வைத்துக்கொண்டு என்னால் ஒரு நிமிஷம் இருக்க முடியாது. அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். பிறகு, "ஒருவாட்டி ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாரும்மா. எங்க வீட்டு டிவி அப்படித்தான் சரியாவுது" என்று எழுந்து சுவிட்ச் பக்கம் போனார்.

அதற்குள் என் கை, யோசிக்காமல், df போட்டிருந்தது. வேலை முடிந்தால் பூட்டை இழுத்துப் பார்க்கிற கை. டிஸ்க் இன்னும் நூறு சதவீதமே காட்டியது.

அவ்வளவு பெரிய குவியலை எடுத்தாயிற்று. ஒரு துளிகூட இடம் வரவில்லை. அப்படியானால் குவியல் போகவில்லை.

"சார், சுவிட்சைத் தொடாதீங்க" என்றேன். அவரிடம் அந்தக் குரலில் அதற்கு முன்பு நான் பேசியதே கிடையாது. அவர் கையை இழுத்துக்கொண்டார்.

அவருக்குச் சொன்னதையே இங்கேயும் சொல்கிறேன். rm அழிப்பது ஃபைலின் பெயரைத்தான். வாசலில் மாட்டியிருக்கிற பெயர்ப் பலகையைக் கழற்றுகிற மாதிரி. உள்ளே ஆள் குடியிருக்கிற வரைக்கும் வீட்டை இடிக்க மாட்டார்கள். ரீடிங்கை வாங்கி எழுதுகிற புரோகிராம் அந்த ஃபைலைத் திறந்து வைத்துக்கொண்டு உள்ளேயே உட்கார்ந்திருந்தது. எழுத இடமில்லை என்று புலம்பிக்கொண்டிருந்தாலும் கையை விடவில்லை. சர்வரை அணைத்தால் அது எழுந்து வெளியே வந்துவிடும். அந்த நிமிஷமே எல்லாம் போய்விடும். lsof +L1 என்று தட்டினால், பெயர் போயும் யார் கையிலாவது இருக்கிற ஃபைல்களைக் காட்டும். தட்டினேன். feed.log, அடைப்புக்குறிக்குள் deleted என்று போட்டு, பக்கத்தில் அதன் முழு அளவோடு நின்றது. நோட்டின் நூற்றுச் சொச்சமாவது பக்கத்தில் ஒரே ஒரு புள்ளி வாங்கிய வரி அது. ஒரு புள்ளிதானே என்று விடாமல், என்றைக்காவது உதவுமோ என்று பயந்து படித்து வைத்திருந்தேன்.

அப்போது தூறல் போட்டது. எங்கள் கரையில் கரன்ட் கம்பியெல்லாம் உப்பு படிந்திருக்கும். நாலு துளி பட்டால் போதும். ஃபேன் நின்றது. யூபிஎஸ் பீப் என்றது.

அந்த யூபிஎஸ்ஸின் பேட்டரி இருபது நிமிஷம் தாங்கும் என்று எனக்குத் தெரியும். மாதா மாதம் பிளக்கைப் பிடுங்கி நேரம் பார்ப்பேன். சார் அதற்கு என்னைக் கிண்டல் செய்வார். அன்றைக்கு அவர்தான் வாட்சைக் கழற்றி மேசை மேல் வைத்தார்.

கதவருகே சத்தம் கேட்டுத் திரும்பினால், நனைந்த முந்தானையோடு அக்கா நின்றார். நம்பர் வாங்கிப் போக வந்திருந்தார். கையில் பிளாஸ்டிக் பைக்குள் மனு, பட்டா நகல் எல்லாம். "இன்னாம்மா, ரெடியா?"

நான் திரும்பிப் பார்த்துக்கொண்டே சொன்னேன். "அக்கா, நான் தப்பு பண்ணிட்டேன். உங்க கிணத்து நம்பர் மொத்தமும் அழிச்சிட்டேன். ஆனா இன்னும் போவலை. பதினெட்டு நிமிஷத்துல எடுத்தா எடுத்ததுதான்."

அவர் என்னையும் பீப் அடிக்கிற பெட்டியையும் பார்த்தார். "அப்ப என்கிட்ட ஏன் பேசிக்கினு இருக்க? எடு" என்றார். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து சுவரோரம் நின்றுகொண்டார்.

டிஸ்கில் இடமில்லை, அதனால் அங்கேயே நகல் எடுக்க முடியாது. ஏதாவது ஒன்றை அழித்து இடம் பண்ணலாம்தான், ஆனால் அன்றைக்கு rm என்ற இரண்டு எழுத்தைத் தட்டுவதில்லை என்று முடிவெடுத்திருந்தேன். சாருடைய சாவிக் கொத்தில் ஒரு பென்டிரைவ் தொங்கும். கேட்டேன். கழற்றிக் கொடுக்கும்போது, "பொண்ணு கல்யாண போட்டோ அதுலதாம்மா இருக்குது. வேற காப்பி இல்லை. பாத்து" என்றார். அக்கா சுவரோரத்திலிருந்து, "கல்யாணம் நடந்துடுச்சு இல்ல? அப்புறம் என்ன" என்றார்.

முன்பக்க யூஎஸ்பி ஓட்டை பச்சைக் களிம்பு பிடித்துக் கிடந்தது. உப்புக் காற்றில் எதுவும் ஆறு மாதம் தாங்காது. செருகினேன், சர்வர் கண்டுகொள்ளவில்லை. பின்பக்கத்தில் ஒன்று இருந்தது. வாங்கிய நாளிலேயே அதன் மேல் செல்லோ டேப் ஒட்டி மூடி வைத்திருந்தேன், ஏன் என்று சொல்லத் தெரியாமல். டேப்பைக் கிழித்துச் செருகினேன். lsblk போட்டால் எது சர்வர் டிஸ்க், எது பென்டிரைவ் என்று அளவோடு காட்டும். பார்த்து, மெதுவாக இணைத்தேன். அதில் இடம் போதும். பிறகு நோட்டைப் பார்த்து ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினேன்:

cp /proc/1182/fd/7 /mnt/kinaru.txt

1182 என்பது உள்ளே உட்கார்ந்திருக்கிற புரோகிராமின் எண். 7 என்பது அது எந்தக் கையில் ஃபைலைப் பிடித்திருக்கிறது என்பது. கையை மடியில் வைத்தேன். கடைசியிலிருந்து படித்தேன். சார் வாட்சைப் பார்த்து, இன்னும் பதிமூன்று என்றார். Enter.

நகல் எடுக்கும்போது cp ஒன்றும் பேசாது. கர்சர் மட்டும் கண் சிமிட்டும். இது நடக்கிறதா, செத்துவிட்டதா என்று தெரியாமல் Ctrl+C அடித்துக் கெடுத்தவர்கள் அதிகம். எனக்கும் விரல் துடித்தது. Alt-ஐயும் F2-வையும் சேர்த்து அழுத்தினால் இன்னொரு கறுப்புத் திரை வரும். அங்கே போய் ls -lh போட்டுப் பார்த்தேன், நகலின் அளவு ஏறிக்கொண்டிருந்தது. கிணற்றில் தண்ணீர் ஊறுகிற மாதிரி ஏறியது. சார் பன்னிரண்டு, பதினொன்று என்று சொல்லிக்கொண்டிருந்தார். அக்கா அவரை, "சும்மா இருங்க சார், ராக்கெட்டா விடுறீங்க" என்று அடக்கினார்.

cp முடிந்து கர்சர் திரும்பி வந்தபோது ஏழு நிமிஷம் மிச்சம். சார் பிடுங்கிவிடலாமா என்றார். கூடாது. cp முடிந்தது என்று சொன்னாலும் பாதி இன்னும் மெமரியிலேயே நிற்கும், பென்டிரைவில் இறங்கியிருக்காது. sync என்று தட்டினால் எல்லாம் இறங்கிய பிறகுதான் மறுபேச்சு. தட்டினேன். அது திரும்பி வரவே இல்லை. ஆறு. ஐந்து. யூபிஎஸ் பீப்புக்கும் பீப்புக்கும் இடைவெளி குறைந்துகொண்டே வந்தது. அந்த அறையில் அப்போது பயப்படாமல் இருந்தவள் நான் ஒருத்திதான் என்று நினைக்கிறேன். பயப்பட வேண்டியதையெல்லாம் நான் முன்கூட்டியே பயந்து முடித்திருந்தேன்.

நான்கு நிமிஷம் இருக்கும்போது sync திரும்பியது. நகலின் அளவையும் lsof காட்டிய அளவையும் எண் எண்ணாக ஒப்பிட்டேன். சார் ஒன்றை வாசித்தார், நான் ஒன்றைப் பார்த்தேன். ஒரு எண்கூட மாறவில்லை. பிறகு grep. அது கேட்ட வரியை மட்டும் பொறுக்கித் தரும். ஏழாம் நம்பர் கிணறு, தினமும் பகல் பன்னிரண்டு மணி ரீடிங் மட்டும் என்று கேட்டு, அதைத் தனி ஃபைலாகப் பென்டிரைவிலேயே போட்டேன். இன்னொரு sync. இந்தத் தடவை நகலைத் திறந்து பார்த்தேன். முதல் பத்து வரி, கடைசிப் பத்து வரி. கடைசி வரியில் முந்தின நாள் பன்னிரண்டு மணி உப்பு அளவு. அக்கா குனிந்து பார்த்து, "என் கிணறா இது?" என்றார். ஆமாம் என்றேன். "எப்பலேருந்து?" நாங்கள் கருவி போட்ட நாளிலேருந்து என்றேன்.

இரண்டு நிமிஷம். யூபிஎஸ் தானாக விழுந்தால் டிஸ்கே கெட்டுப்போகலாம், அதனால் நானே முறையாக அணைக்க வேண்டும். அணைத்தால் உள்ளே உட்கார்ந்திருக்கிற அசல் போய்விடும். பிறகு உலகத்தில் இருப்பது சாருடைய சாவிக் கொத்தில் தொங்கின இந்த ஒன்றுதான். பென்டிரைவைக் கழற்றி அக்கா கையில் கொடுத்தேன். shutdown என்று தட்டிவிட்டுக் கையை மடியில் வைத்தேன். கடைசியிலிருந்து படித்தேன். மறுபடியும் படித்தேன்.

"அதான் பாத்துட்ட இல்ல? நிறுத்தும்மா" என்றார் அக்கா.

நிறுத்தினேன்.

மெயின் ரோட்டு ஜெராக்ஸ் கடையில் இன்வெர்ட்டர் உண்டு. சாரின் ஸ்கூட்டரில் அக்கா பின்னால் உட்கார்ந்துகொண்டு, பென்டிரைவை மனுவோடு சேர்த்து அதே பிளாஸ்டிக் பைக்குள் வைத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனார். நான் இருட்டு ஆபீஸில் தனியாக உட்கார்ந்திருந்தேன். தூறல் நின்றிருந்தது. உப்பளத்தில் மேட்டில் பெரிய குவியல்கள் மேல் கீற்று போட்டு மூடியிருந்தார்கள். சின்னக் குவியல்களில் பாதி கரைந்திருந்தது.

சாயங்காலம் ஐந்து மணிக்குக் கரன்ட் வந்த பிறகுதான் அக்கா போன் செய்தார். அதிகாரி ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினாராம். போர் போட்ட தேதியைப் பக்கத்து நிலத்துக்காரர் வாயாலேயே சொல்ல வைத்து, அந்தத் தேதியில் விரலை வைத்து அங்கிருந்து கீழே படித்தாராம். "நிறுத்தி வெச்சிட்டாங்கம்மா. அவங்க ஆளுங்களே வந்து ஆறு மாசம் தண்ணி எடுத்துப் பாப்பாங்களாம். அதுவரைக்கும் போர் கிடையாது." பிறகு, "அந்த ஆபீசர் கேட்டாரு, இதை யார் எழுதினதுன்னு. மெஷின் எழுதிச்சு, எங்க பொண்ணு ஒண்ணு அதை அழிச்சுப்புட்டு அதுவே திருப்பி எடுத்துச்சுன்னு சொன்னேன்" என்றார். அதை ஏன் அக்கா அங்கே சொன்னீங்க என்றேன். "பொய் சொல்லப் போன எடமா அது?" என்றார்.

மறுநாள் இடத்தை அடைத்தது எது என்று நிதானமாகப் பார்த்தேன். இந்தத் தடவை ஃபைல் ஃபைலாகப் பார்க்காமல், du போட்டு ஃபோல்டர் ஃபோல்டராகக் கூட்டிப் பார்த்தேன். பெரிய குவியல் எதுவும் இல்லை. என் பயத்தில் நான் ஏழெட்டுத் தடவை ஓட்டிய ரிப்போர்ட்டின் குட்டிப் படங்கள், பல்லாயிரக்கணக்கில். ஒன்றைத் திறந்து பார்த்தேன், இன்னொன்றைத் திறந்து பார்த்தேன், பிறகுதான் அழித்தேன். ரீடிங் ஃபைலுக்கு log இல்லாத பெயர் வைத்தேன். பேக்கப்பில் நான் எழுதியிருந்த அந்த விலக்கை எடுத்தேன்.

பென்டிரைவைச் சார் அடுத்த நாளே கேட்டார். பொண்ணு போட்டோ பார்க்கக் கேட்கிறாள் என்றார். தர முடியாது என்றேன். தினமும் காலையில் கேட்டார், தினமும் முடியாது என்றேன். சர்வரில் ஒன்று, பேக்கப் டிஸ்கில் ஒன்று, வீட்டு பீரோவில் ஒன்று என்று மூன்று நகல் ஆன பிறகும் தரவில்லை. பத்தாவது நாளோ என்னவோ, பீரோவில் இருந்ததை ஆபீஸுக்குக் கொண்டுவந்து, திறந்து, ஏழாம் நம்பர் கிணற்றைத் தேடி, அக்கா சோறு வடித்த காலத்து வரி ஒன்றை வாய்விட்டுப் படித்தேன். சார் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு பென்டிரைவைக் கொடுத்தேன். அவர் கிளம்பும்போது, உள்ளே கல்யாண போட்டோ சரியாக இருக்கிறதா என்று திறந்து பார்த்துவிட்டுப் போகச் சொன்னேன். சிரித்துக்கொண்டே திரும்பி வந்து, உட்கார்ந்து, ஒவ்வொன்றாகப் பார்த்தார்.